பக்கத்துக்குப் பூட்டு உண்டு, பெண்ணுக்கு?

விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று பயிலரங்குகளில் உற்சாகமாகச் சொல்கிறார்கள். யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்பதை மட்டும் யாரும் உரக்கச் சொல்வதில்லை. பெண்களைப் பற்றி எழுத வாருங்கள் என்று மாணவிகளைக் கூப்பிட்டு, கணினி முன்னால் உட்காரவைத்து, கட்டுரை எழுதவைத்து, சான்றிதழும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நாளைக்கு அந்தக் கட்டுரையில் ஒருவன் ஆபாசம் எழுதினால் என்ன செய்வது என்று சொல்லித்தருவதில்லை. ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு, பிரேக் எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் மெயின் ரோட்டுக்கு அனுப்புவது போன்ற வேலை இது.

நான் பேசவந்தது பக்கப் பாதுகாப்பு என்னும் சின்ன விஷயத்தைப் பற்றி. கேட்பதற்கு ஏதோ கணினிக்காரர்களின் சமாச்சாரம் போலத் தெரியும். அப்படி நினைத்து நாம் ஒதுங்கிக்கொள்வதால்தான் இதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு கட்டுரையைத் தொடர்ந்து சிதைத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்றால், நிர்வாகி என்னும் பொறுப்பில் இருக்கும் தன்னார்வலர் ஒருவர் அந்தப் பக்கத்தைச் சில நாட்களுக்கோ வாரங்களுக்கோ பூட்டிவைக்கலாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் இதற்குப் பல படிகள் உண்டு. அரைப் பாதுகாப்பு போட்டால், கணக்குத் தொடங்கி 4 நாளும் 10 தொகுப்புகளும் ஆகாதவர்கள் அந்தப் பக்கத்தில் கைவைக்க முடியாது. அதற்கு மேல்படியில் 30 நாளும் 500 தொகுப்புகளும் கடந்திருக்க வேண்டும். முழுப் பாதுகாப்பு என்றால் நிர்வாகிகள் மட்டுமே மாற்றலாம். இப்படிப் பூட்டச் சொல்லிக் கேட்பதற்கென்றே ஒரு பொதுப் பக்கம் இருக்கிறது. அங்கே கேட்க எந்தத் தகுதியும் தேவையில்லை. நேற்றுக் கணக்குத் தொடங்கிய மாணவியும் கேட்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவிலும் நிர்வாகிகளிடம் இதே கோரிக்கையை வைக்கலாம்.

கேட்கலாம் என்பது யாருக்குத் தெரியும்? கேள்வி இதுதான்.

விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் தொடங்கியது. தமிழில் 2003இல் வந்தது. உலகத்தின் அறிவையெல்லாம் எல்லோரும் சேர்ந்து எழுதுகிறோம் என்று சொல்லிப் பத்தாண்டு கழித்து, 2011இல், எழுதுகிறவர்களில் பெண்கள் 13 விழுக்காட்டுக்கும் குறைவு என்ற செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. அப்போது விக்கிமீடியா நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் சூ கார்ட்னர் என்னும் பெண். 2015க்குள் இதை 25 விழுக்காடாக உயர்த்துவோம் என்று அவர் இலக்கு வைத்தார். இலக்கு எட்டப்படவில்லை. எழுதுகிறவர்கள் யாரோ, எழுதப்படுகிறவர்களும் அவர்களே என்பது இங்கும் பொருந்தியது. ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகளில் பெண்களுடையவை 15 விழுக்காட்டைச் சுற்றியே இருந்தன. கட்டுரை இல்லாத பெயர் விக்கிப்பீடியாவில் சிவப்பு நிறத்தில் தெரியும், எழுதினால் நீலமாகும். அந்தச் சிவப்பை நீலமாக்குவோம் என்று 2015இல் ‘சிவப்பில் பெண்கள்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். பல்லாயிரம் கட்டுரைகள் எழுதப்பட்டன. அத்தனை உழைப்புக்குப் பிறகும் பெண்களின் பங்கு ஐந்தில் ஒன்றை ஒட்டித்தான் நிற்கிறது.

எழுதினால் மட்டும் போதாது, எழுதியது நிற்க வேண்டும். கனடாவின் இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லேண்ட் 2018 அக்டோபரில் நோபல் பரிசு பெற்றார். மேரி கியூரிக்கும் மரியா கோப்பெர்ட் மேயருக்கும் பிறகு இயற்பியலில் அந்தப் பரிசைப் பெற்ற மூன்றாவது பெண். பரிசு அறிவிக்கப்பட்ட காலையில் அவருக்கு விக்கிப்பீடியாவில் கட்டுரை இல்லை. சில மாதங்களுக்கு முன்பு ஒருவர் எழுதிக் கொடுத்த வரைவு, போதிய ஆதாரம் காட்டவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. பிரான்செஸ்கா டிரிபோடி என்னும் சமூகவியலாளர் 2021இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. மொத்த வாழ்க்கை வரலாறுகளில் பெண்களுடையவை ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. ‘இதை நீக்கிவிடலாம்’ என்று பரிந்துரைக்கப்படுகிறவற்றில் அவர்களுடையவை நான்கில் ஒன்றுக்கும் மேல். உள்ளே வருவதற்கும் வாசலில் நிற்க வேண்டும், உள்ளே வந்த பிறகும் வெளியே தள்ளப் பார்க்கிறார்கள்.

இந்த இரண்டையும் தாண்டி நிற்கும் கட்டுரைக்குத்தான் மூன்றாவது ஆபத்து. 2012இல் அனிதா சர்க்கீசியன், வீடியோ விளையாட்டுகளில் பெண்கள் எப்படிச் சித்திரிக்கப்படுகிறார்கள் என்று ஒரு காணொளித் தொடர் எடுக்க மக்களிடம் பணம் திரட்டினார். அவர் கேட்டது 6,000 டாலர். அதற்காக அவர்மீது ஏவப்பட்ட வன்மத்தின் ஒரு பகுதி நேராக அவருடைய விக்கிப்பீடியா பக்கத்தில் வந்து இறங்கியது. ஆபாசப் படங்களை ஒட்டினார்கள். இனத்தையும் பாலினத்தையும் இழிவுசெய்யும் வசைகளை அவருடைய அறிமுக வரியிலேயே எழுதினார்கள். தன்னார்வலர்கள் திரும்பத் திரும்ப அவற்றைத் துடைத்தார்கள். கடைசியில் பக்கத்தைப் பூட்டித்தான் அடக்க முடிந்தது. ஒரு பெண் பொதுவெளியில் வாய் திறந்தால், அவளுடைய பெயருக்கு நேரே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதையே ஆயுதமாக்குவார்கள் என்று அன்றைக்கே தெரிந்துபோனது. கூகுளில் பெயரைத் தட்டினால் பக்கவாட்டுப் பெட்டியில் வரும் நாலு வரி பெரும்பாலும் விக்கிப்பீடியாவிலிருந்து வருகிறது. அந்த நாலு வரியைக் கெடுப்பது தெருச்சுவரில் கரியால் எழுதுவதைவிடப் பெரிய வேலை.

தெருச்சுவரில் கரியால் எழுதுவதை நம் ஊர்ப் பெண்கள் அறிவார்கள். பள்ளிக்கூடக் கழிவறைச் சுவரிலும் பேருந்து இருக்கையின் முதுகிலும் தன் பெயரைப் பார்த்துப் படிப்பையே நிறுத்திக்கொண்ட பெண்கள் இருக்கிறார்கள். எழுதியவனுக்கு அது விளையாட்டு. அழிக்க வேண்டிய வேலை பெண்ணுடையது.

சில காலம் முன்பு முதுகலை வரலாறு படிக்கும் மாணவி ஒருத்தி என்னிடம் பேசினாள். தன் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பெண் எழுத்தாளரைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதியிருந்தாள். எழுத்தாளர் உயிரோடு இருப்பவர், சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்டவர். பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அந்தப் பக்கத்துக்கு மறுபடியும் ஆட்களை அனுப்பியதாகிவிடும். மூன்று வாரம் கட்டுரை அமைதியாக இருந்தது. பிறகு அந்த எழுத்தாளரின் நேர்காணல் ஒன்று வெளியானது. அன்று இரவே தொடங்கிவிட்டார்கள். ‘எழுத்தாளர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறொரு சொல்லைப் போட்டார்கள். கணவரின் சாதியையும் அவருடைய சாதியையும் சேர்த்து ஒரு வாக்கியம் எழுதினார்கள். இறந்த தேதி என்று நாளைய தேதியைப் போட்டார்கள். ஒருவன் அவர் வீட்டு முகவரியையே சேர்த்தான். இவள் மீட்க, அவர்கள் மாற்ற, விடிய விடிய அதே வேலை.

“அக்கா, இத யார்கிட்ட சொல்றது? போலீஸ் மாதிரி யாராச்சும் இருக்காங்களா?” என்று கேட்டாள்.

பக்கப் பாதுகாப்புக் கோரிக்கையைப் பற்றிச் சொன்னேன். அரை மணி நேரத்தில் எழுதி அனுப்பினாள், போடுவதற்கு முன்னால் பார்க்கச் சொல்லி. மூன்று வாரம் கஷ்டப்பட்டு எழுதிய கட்டுரை, இவர்கள் ரொம்ப அசிங்கமாக எழுதுகிறார்கள், அந்த அம்மா பார்த்தால் எவ்வளவு வேதனைப்படுவார், தயவுசெய்து உதவுங்கள் என்று இருந்தது. ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் அந்தப் பக்கத்தில் அது ஒன்றுக்கும் உதவாது. இருவரும் சேர்ந்து திருப்பி எழுதினோம்.

எப்படி எழுதினோம் என்று சொல்கிறேன். படிக்கிற தோழிகளுக்கு நாளைக்குத் தேவைப்படலாம். முதலில் பக்கத்தின் பெயர். அடுத்து எந்தப் பூட்டு: அரைப் பாதுகாப்பு, தற்காலிகமாக. மூன்றாவதாகக் காரணம், இரண்டே வரியில்: வாழும் நபரைப் பற்றிய கட்டுரை, கடந்த இரண்டு நாட்களாகப் புகுபதிகை செய்யாத பலர் ஆதாரமில்லாத அவதூறைத் திரும்பத் திரும்பச் சேர்க்கிறார்கள். நான்காவதாக அந்தத் தொகுப்புகளின் இணைப்புகள், நாலைந்து போதும். பக்கத்தின் வரலாற்றில் ஒவ்வொரு மாற்றமும் தேதியோடும் நேரத்தோடும் இருக்கும், அங்கிருந்து எடுக்கலாம். ‘பலர்’ என்ற சொல் முக்கியம். ஒரே ஒருவன்தான் செய்கிறான் என்றால் பக்கத்தைப் பூட்டமாட்டார்கள், அவனைத் தடைசெய்யத்தான் பார்ப்பார்கள். ‘கடந்த இரண்டு நாட்களாக’ என்பதும் முக்கியம். பழைய கதைக்குப் பூட்டு கிடைக்காது. ‘வாழும் நபர்’ என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். உயிரோடு இருப்பவரைப் பற்றி ஆதாரமில்லாமல் எழுதப்படும் அவதூறை உடனே நீக்க வேண்டும் என்பது விக்கிப்பீடியாவின் கடுமையான விதிகளில் ஒன்று. சாதாரணமாக ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் மீட்டால் மீட்பவரையே தடைசெய்யலாம். வெளிப்படையான நாசவேலையையும் இந்த வகை அவதூறையும் நீக்குவதற்கு அந்தக் கணக்கு இல்லை.

வீட்டு முகவரி விஷயத்தை மட்டும் அந்தக் கோரிக்கையில் எழுதக் கூடாது என்று சொன்னேன். பொதுப் பக்கத்தில் ‘இதோ இங்கே முகவரி போட்டிருக்கிறார்கள்’ என்று இணைப்புக் கொடுத்தால், பார்க்காதவனுக்கும் வழிகாட்டியதாகிவிடும். கட்டுரையிலிருந்து அழித்தாலும் அது பக்க வரலாற்றில் அப்படியே கிடக்கும். முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றை வரலாற்றிலிருந்தே மறைப்பதற்கென்று தனி அணுக்கம் உள்ள சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாக மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். சத்தமில்லாமல் செய்ய வேண்டிய வேலை. பெண்களைப் பற்றி எழுதுகிற ஒவ்வொருத்தியும் எழுதக் கற்கும் முன்னாலேயே இதைக் கற்றுவைத்திருக்க வேண்டும்.

அன்று மதியத்துக்குள் பக்கம் பூட்டப்பட்டது. வசைகள் வரலாற்றிலிருந்தும் மறைக்கப்பட்டன. முகவரியும் போனது. வேலை முடிந்தது என்று பார்த்தால், அவள் கேட்டாள்: “ஏங்க்கா, அசிங்கமா எழுதினாங்கன்னு சொல்லக்கூடாதா?”

நியாயமான கேள்வி. எனக்குக் கலெக்டர் ஆபீஸ் வாசல் நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில், மரத்தடியில் சின்ன மேஜை போட்டு மனு எழுதிக் கொடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். புருஷன் அடித்ததையும், கொழுந்தன் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டதையும் அழுதுகொண்டே சொல்லும் பெண்ணின் பேச்சை, ‘மேற்படி நபர்’, ‘மேற்கண்ட முகவரியில் வசித்துவரும்’ என்று அவர்கள் மாற்றி எழுதுவார்கள். அழுகை அந்தத் தாளில் ஏறாது. ஏறினால் மனு தள்ளுபடியாகும். அன்றிரவு நான் செய்தது அந்த மனு எழுதும் வேலைதான். அவளுடைய கோபத்தை எடுத்துவிட்டு, தேதியையும் இணைப்பையும் வைத்தேன்.

இந்த விதியை நான் தவறென்று சொல்லவில்லை. வரிசையாக வந்துகொண்டிருக்கும் கோரிக்கைகளை, சம்பளம் வாங்காத ஒரு தன்னார்வலர் உட்கார்ந்து பார்க்கிறார். யார் அதிகம் வருந்தினார்கள் என்று பார்த்து முடிவெடுத்தால், நன்றாக வருந்தத் தெரிந்தவனின் பக்கம்தான் பூட்டப்படும். ஆதாரத்தைப் பார்த்து முடிவெடுப்பது நமக்கும் நல்லது. என் சண்டை வேறு இடத்தில். நியாயம் கேட்பதற்கென்று ஒரு மொழி இருக்கிறது. அந்த மொழி சிலருக்குக் கூடவே வருகிறது, நமக்கு மட்டும் யாரோ ஒருத்தர் எழுதித்தர வேண்டியிருக்கிறது. இருபது வருடமாக அந்த இடத்தில் புழங்கும் ஆணுக்கு எந்த விதிக்கு எந்தச் சுருக்கப்பெயர் என்று நுனிநாக்கில் இருக்கும். புதிதாக வந்த பெண்ணுக்கு ‘தயவுசெய்து உதவுங்கள்’ என்பது மட்டும்தான் தெரியும். விதி இருவருக்கும் ஒன்றுதான். விதியைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு ஒன்றல்ல.

முன்கூட்டியே பூட்டச் சொல்லிக் கேட்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாளைக்கு இவருடைய நேர்காணல் வரப்போகிறது, கட்டாயம் தாக்குவார்கள் என்று எழுதினால் கோரிக்கை மறுக்கப்படும். தாக்குதல் நடந்திருக்க வேண்டும். ‘ஏதாவது நடக்கட்டும், அப்புறம் வாங்க’ என்ற பதிலைக் காவல் நிலையத்தில் கேட்டுப் பழகிய நமக்கு இது கசக்கத்தான் செய்யும். திறந்திருப்பதே உயிராக இருக்கும் ஒரு கலைக்களஞ்சியத்தில் சந்தேகத்தின் பேரில் கதவைச் சாத்தக் கூடாது என்ற வாதம் எனக்குப் புரிகிறது. புரிந்துகொண்டே கேட்கிறேன்: அப்படியானால் தாக்குதல் நடக்கும்போது பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது யார்? இப்போதைக்குக் கட்டுரையை எழுதிய பெண். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, தனியாக.

பூட்டு எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதில்தான் உண்மையான அரசியல் இருக்கிறது. கெட்ட வார்த்தையைத் தடுக்கும். கண்ணியமான இழிவைத் தடுக்காது. வேண்டுமென்றே சிதைப்பதைத்தான் விக்கிப்பீடியா நாசவேலை என்று கொள்கிறது. நல்லெண்ணத்தோடு செய்ததாகத் தெரியும் மாற்றம் எவ்வளவு தவறானாலும் அது நாசவேலை ஆகாது, கருத்து வேறுபாடு. ‘விஞ்ஞானி’ என்று தொடங்கும் வரியை ‘இன்னாரின் மனைவியும் விஞ்ஞானியுமான’ என்று ஒருவர் மாற்றினால் அது கருத்து வேறுபாடு. படைப்புகள் பற்றி நாலு வரியும், ‘சர்ச்சைகள்’ என்ற தலைப்பில் நாற்பது வரியும் இருந்தால் அது கருத்து வேறுபாடு. 2013இல் அமெரிக்க எழுத்தாளர் அமாண்டா ஃபிலிபாச்சி ஒன்றைக் கவனித்தார். ஆங்கில விக்கிப்பீடியாவின் ‘அமெரிக்க நாவலாசிரியர்கள்’ என்னும் பகுப்பிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக வெளியே எடுக்கப்பட்டு, ‘அமெரிக்கப் பெண் நாவலாசிரியர்கள்’ என்னும் உட்பகுப்பில் வைக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் நாவலாசிரியர்களாகவே இருந்தார்கள். அதில் ஒரு வசைச்சொல்கூட இல்லை. அடுக்கிவைக்கும் வேலை, அவ்வளவுதான். அவர் பத்திரிகையில் எழுதியதால் அது விவாதமானது. எழுதாமல் இருந்திருந்தால்?

இன்னும் ஒரு சிக்கல். அரைப் பாதுகாப்பு போட்ட பக்கத்தில் கெடுக்க வந்தவன் மட்டுமா நிற்கிறான்? நேற்றுக் கணக்குத் தொடங்கிய மாணவியும் வெளியேதான் நிற்கிறாள். உரையாடல் பக்கத்தில் வேண்டுகோள் வைத்து, இன்னொருவர் அதைப் பார்த்து மாற்றித்தரக் காத்திருக்க வேண்டும். உள்ளடக்கத்தில் இரு தரப்பும் முட்டிக்கொள்ளும்போது பக்கத்தை முழுதாகப் பூட்டினால், பூட்டிய நிமிடத்தில் எது இருந்ததோ அதுவே நிற்கும். நிர்வாகிகள் எப்போதும் தவறான பதிப்பைத்தான் பூட்டுவார்கள் என்று விக்கிப்பீடியர்களிடையே ஒரு பழைய கேலி உண்டு. பெண்ணை ‘இன்னாரின் மனைவி’ ஆக்கிய பதிப்பு பூட்டுக்குள் பத்திரமாக இருந்தால் அந்தக் கேலிக்கு நமக்குச் சிரிப்பு வராது. ஆகவே எல்லாவற்றுக்கும் பூட்டு கேட்பது பெண்ணியம் ஆகாது. எதற்குப் பூட்டு கேட்க வேண்டும், எதற்கு உரையாடல் பக்கத்தில் உட்கார்ந்து வாதாட வேண்டும் என்று பிரித்தறிவதுதான் நமக்குத் தேவை.

வாதாட வேண்டிய இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ் விக்கிப்பீடியாவில் பொது உரையாடலுக்கான பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர். அழகான பெயர்தான். ஆனால் நம் ஊர்களில் ஆலமரத்தடியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவர்கள் யார்? பெண் அங்கே எப்போது வந்தாள்? பெரும்பாலும் அவள் மீது பிராது வந்தபோதுதான். தலித் மக்கள் எங்கே நிறுத்தப்பட்டார்கள்? பெயர் வைத்தவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள். நிழலையும் பேச்சையும்தான் நினைத்திருப்பார்கள். அந்த மரத்தடிக்குப் போய் உட்காரும் உரிமையை நாம் இப்போது எடுத்துக்கொள்ள வேண்டும், யாரும் பாய் விரித்து அழைக்கும்வரை காத்திருக்காமல்.

இதற்கு மூன்று மறுப்புகள் வருகின்றன. முதலாவது, பூட்டுவது கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்பது. பக்கம் பூட்டியிருந்தாலும் உரையாடல் பக்கம் பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. ஆதாரத்தோடு பேச விரும்புகிறவன் அங்கே பேசலாம். வீட்டு முகவரியைப் போடுவது எந்தக் கருத்து?

இரண்டாவது, இதெல்லாம் பெரிய விஷயமா, அழித்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்பது. இதைச் சொல்பவர்கள் ஓர் இரவு உட்கார்ந்து அழித்துப் பார்க்கட்டும். வசையை அழிக்க வேண்டுமென்றால் முதலில் அதைப் படிக்க வேண்டும். இருபது முறை அழித்தால் இருபது முறை படிக்க வேண்டும். ‘கண்டுக்காதே’ என்பது நாம் சின்ன வயதிலிருந்து கேட்டுவரும் அறிவுரை. அது எப்போதும் நமக்கே சொல்லப்படுகிறது, செய்கிறவனுக்குச் சொல்லப்படுவதில்லை.

மூன்றாவது மறுப்பு நம் தோழிகளிடமிருந்தே வருகிறது. அது ஆண்களின் இடம், சம்பளமில்லாமல் அங்கே போய் ஏன் உழைக்க வேண்டும், நமக்கென்று தனியாக ஒன்றைக் கட்டிக்கொள்வோம் என்கிறார்கள். நமக்கென்று கட்டிக்கொள்ளலாம், கட்டவும் வேண்டும். இந்தத் தொகுப்பும் அப்படிக் கட்டியதுதான். ஆனால் பத்தாம் வகுப்புப் பெண் தன் பாடத்துக்காக ஒரு பெயரைத் தேடும்போது வந்துவிழும் முதல் பக்கம் விக்கிப்பீடியாவுடையது. நாம் விலகிக்கொண்டால் அந்தப் பக்கம் காலியாக இருக்காது. வேறொருவன் எழுதுவான், நம்மைப் பற்றி.

அமெரிக்காவில் எமிலி டெம்பிள்-வுட் என்னும் இளம்பெண், தனக்கு வரும் ஒவ்வொரு ஆபாச மின்னஞ்சலுக்கும் ஒரு பெண் விஞ்ஞானியைப் பற்றிய கட்டுரையை எழுதிப் பதில் சொன்னார். 2016இல் ஆண்டின் விக்கிப்பீடியர் விருதை அவரும் ரோசி ஸ்டீபன்சன்-குட்நைட்டும் பகிர்ந்துகொண்டார்கள். அவரை வணங்குகிறேன். ஆனால் எல்லாப் பெண்களிடமும் அந்த வீரத்தை எதிர்பார்ப்பதை எதிர்க்கிறேன். அடி வாங்கியதற்குப் பதிலாக இரு மடங்கு உழை என்பது ஒருத்தியின் சொந்த முடிவாக இருக்கலாம், எல்லோருக்குமான ஏற்பாடாக இருக்கக் கூடாது.

ஏற்பாடு என்றால் என்ன? பயிலரங்கு நடத்துகிறவர்களே, உங்கள் கடைசி ஒரு மணி நேரத்தைச் சான்றிதழுக்கும் குழுப்படத்துக்கும் கொடுக்காதீர்கள். பக்க வரலாற்றைப் படிப்பது, மீட்பது, பாதுகாப்புக் கோருவது, முகவரி வெளியானால் யாருக்கு எழுதுவது, இந்த நான்கையும் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுங்கள். சொந்தப் பெயரில் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லுங்கள். ஒரே நாளில் எத்தனை கட்டுரை எழுதினோம் என்று கணக்குக் காட்டுவதை நிறுத்தி, ஆறு மாதம் கழித்து எத்தனை கட்டுரை சிதையாமல் நிற்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு கட்டுரையையும் குறைந்தது மூன்று பெண்களின் கவனிப்புப் பட்டியலில் சேருங்கள். மாற்றம் நடந்தால் மூவருக்கும் தெரியும், ஒருத்தி தூங்கலாம். விவாதத்தில் வாக்குப்போட ஆள் திரட்டுவதை விக்கிப்பீடியா அனுமதிப்பதில்லை. கவனித்துக்கொண்டிருப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

பூட்டுகிற சாவியும் நம் கையில் வர வேண்டும். நிர்வாகிகளை அங்கே எழுதுகிறவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நீண்ட நாள் பொறுமையாகப் பங்களித்த பெண்கள் தயங்காமல் அந்தப் பொறுப்புக்கு நிற்க வேண்டும். நிற்கத் தயங்குபவளை நாம் முன்மொழிய வேண்டும்.

கடைசியாக, பக்கப் பாதுகாப்பு என்பது பக்கத்தைத்தான் பாதுகாக்கும். பக்கம் பூட்டியதும், உள்ளே நுழைய முடியாதவன் எழுதியவளைத் தேடி வருவான். அவளுடைய உரையாடல் பக்கத்துக்கு வருவான், அவள் எழுதிய மற்றக் கட்டுரைகளுக்குப் போவான். அந்த மாணவிக்கும் அதுதான் நடந்தது. பூட்டு போட்ட மறுநாள் அவளுடைய மற்ற இரண்டு கட்டுரைகளில் கைவைத்தார்கள். விக்கிமீடியா 2021இல் உலகளாவிய நடத்தை நெறி ஒன்றை ஏற்றுக்கொண்டது. துன்புறுத்துவது, ஒருவரின் தனிப்பட்ட விவரங்களை வெளியிடுவது, பின்தொடர்ந்து தொல்லைகொடுப்பது எல்லாம் அதில் பெயர் சொல்லித் தடைசெய்யப்பட்டிருக்கின்றன. அந்த நெறியைப் படியுங்கள். புகாரில் அதைக் குறிப்பிடுங்கள். ‘பக்கத்தைப் பூட்டிவிட்டோம்’ என்ற பதிலோடு திரும்பிவராதீர்கள். பக்கத்தைப் பூட்டியாயிற்று, எழுதியவளுக்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள்.

அந்த மாணவி இப்போது கோரிக்கையைத் தானே எழுதுகிறாள். அவளுக்கு நான் தேவையில்லை. போன மாதம் முதலாம் ஆண்டு மாணவி ஒருத்திக்கு இவளே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாளாம். இனி எழுதிக் கொடுக்காதே, எழுதக் கற்றுக்கொடு என்று சொல்லியிருக்கிறேன். கலெக்டர் ஆபீஸ் மரத்தடியில் இன்னொரு மேஜை போடுவது நம் வேலை இல்லை.